கேளாப் பாட்டுக் காப்பு மன்றம்

ஒரு பாட்டை வெளியிடுவது பெரிய வித்தையில்லை. எந்தக் கழுதையும் வெளியிடலாம். வெளியிடாமல் வைத்திருக்கத்தான் ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர், தனித்தனி நிறத்தில் பேட்ஜ், ஆண்டுச் சந்தா எல்லாம் வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தின் பர்ன்லி நகரத்தில் இவை அனைத்தும் இருந்தன. மொத்தத்துக்கும் சேர்த்துக் கேளாப் பாட்டுக் காப்பு மன்றம் என்று பெயர்.

மன்றத்தார் எல்லாரும் இளவயதில் பஞ்சாலையிலும் பஸ் டிப்போவிலும் வேலை பார்த்துவிட்டு, வாரக் கடைசியில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் பாட்டுகளுக்கு ஆடித் தீர்த்தவர்கள். எல்லாரும் வாங்கின பாட்டு அவர்களுக்கு ஆகாது. நூறு பேர் வாங்கியிருந்தால் நல்ல பாட்டு. பத்துப் பேர் என்றால் உயர்ந்த பாட்டு. ஒருவரும் வாங்கவில்லை, கம்பெனியே மூடிப் போனது, பாடியவர் மனம் நொந்து வேறு வேலைக்குப் போய்விட்டார் என்றால் அது தெய்வீகம். அப்படிப்பட்ட இசைத்தட்டுகளைத்தான் மன்றம் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தது.

பூட்டிய தட்டைக் கேட்டவர்களுக்குத் தங்க பேட்ஜ். அவர்கள் கேட்டபோது கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு வெள்ளி பேட்ஜ். எப்படி இருந்தது என்று அவர்களிடம் விசாரித்தவர்களுக்கு வெண்கலம். மீதிப் பேர் சந்தா கட்டினார்கள்.

இரும்புப் பெட்டியின் மகுடம், மிஸ் டெல்மா ஃபான்டேன் பாடிய ஒரே ஒரு பாட்டு. உலகத்திலேயே அதற்கு ஒரு தட்டுதான் உண்டு. வருடாந்தர விழாவில் அதிலிருந்து பத்து நொடி மட்டும் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். ஒன்பது வருடத்தில் முதல் சரணம் முடிந்திருந்தது. ரசிகர்களுக்கும் வயதாகிறதல்லவா, இடையில் சிலர் காலமாகிவிட்டார்கள். "பாவம், பல்லவியோட போயிட்டான்" என்று அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். இந்த வருடம் முழுப் பாட்டையும் வெளியிடப்போவதாக மன்றம் அறிவித்ததும் ஊரே பரபரத்தது. மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவர், ஞாயிற்றுக்கிழமைவரை தாங்குமா என்று டாக்டரைக் கேட்டாராம்.

இந்த நேரம் பார்த்துத்தான் அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து வெர்டெல் ஹாக்கின்ஸ் வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு எழுபத்தெட்டு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தேவாலயத்தில் மூன்றாவது வரிசையில் நின்று பாடுகிறவள். ஒரு நாள் சமையலறையில் கீரையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மன்றம் கடைசியாக வெளியிட்ட பத்து நொடியை உள்ளூர் ரேடியோவில் போட்டார்கள். மறைந்த மிஸ் டெல்மா ஃபான்டேன் என்றார்கள். பாடியது வெர்டெல். அவளுக்கு அதிலேகூட அவ்வளவு ஆச்சரியமில்லை. சரணம் முடிகிற இடத்தில், அவள் குரலுக்கு அடியில், தடித்த ஆண்குரல் ஒன்று ஒரே ஒரு முறை முனகியது. கீரைத் தண்ணீர் கையிலிருந்து சொட்ட அவள் அப்படியே நின்றுவிட்டாள். அது அண்ணன் ராஸ்கோ.

பாட்டைப் பதிந்த மறு வருடம் ராஸ்கோ வியட்நாம் போனான். பெட்டியில்தான் திரும்பி வந்தான். வீட்டில் அவனுடைய போட்டோ இருக்கிறது, தொப்பி இருக்கிறது. குரல் இல்லை. செத்தவர்களின் முகம் எத்தனை வருடமானாலும் நினைவில் நிற்கும், குரல்தான் முதலில் போகும். ராத்திரி படுத்தபடி அவன் குரலை நினைத்துப் பார்க்க முயன்று, அது வராமல், தனக்குத்தானே வெட்கப்பட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

பாடியது நான்தான், ஒரு முறை கேட்கவேண்டும் என்று மன்றத்துக்கு எழுதினாள். மன்றம் அதை நோட்டீஸ் பலகையில் வேடிக்கைக்காக ஒட்டி வைத்தது. மாரீன் என்ற பஸ் டிரைவர் அதைப் படித்தாள். அவளும் சந்தா கட்டுகிற ரசிகைதான், பேட்ஜ் இல்லாதவள். "வாங்க கண்ணு, எங்க வீட்லயே தங்கிக்கலாம். ஒரு அறை சும்மாதான் கெடக்கு, புருசன் ஓடிப்போய் நாளாச்சு" என்று வெர்டெலுக்குப் போன் பண்ணினாள். வெள்ளிக்கிழமை வெர்டெல் வந்து இறங்கினாள். திங்கட்கிழமை காலையில் மான்செஸ்டரிலிருந்து திரும்பும் விமானம்.

சனிக்கிழமை காலை மன்றத்தார் அவளை முதலில் இடுகாட்டுக்கு அழைத்துப் போனார்கள். டெல்மா ஃபான்டேனுக்கு அங்கே கறுப்புப் பளிங்கில் கல்லறை இருந்தது. கோரிக்கை வைக்க வருகிற எவரும் முதலில் அங்கே மௌனமாக நிற்கவேண்டும் என்பது விதி. தலைவர் நெவில் பிக்கர்ஸ்டாஃப் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். நெடிய மனிதர். மழையில் நரைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"உள்ள யாரு இருக்கா?" என்று வெர்டெல் கேட்டாள்.

"உள்ள யாரும் இல்லம்மா. நிதி பத்தலை. கல்லோட நிறுத்திக்கிட்டோம்."

வெர்டெல் தன் கல்லறைக்கு முன்னால் தலை குனிந்து நின்றாள். மாரீன் அவள் காதருகே வந்து, "சொந்தக் கல்லறைக்கு நடந்து வந்து நடந்தே திரும்புற பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்? மலர்வளையம் ஒண்ணு மிச்சமிருக்கு, எடுத்துட்டுப் போலாமா?" என்றாள். வெர்டெலுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

தட்டைக் கேட்கத் தேர்வு இருந்தது. தான்தான் டெல்மா என்று நிரூபித்துவிட்டால் அவளுக்குத் தங்க பேட்ஜ் உண்டு, மூடிய அறையில் ஒரு முறை கேட்கலாம். துணைத்தலைவி கேனர் டாட்டர்சால்தான் தேர்வாளர். டெல்மாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். முந்நூறு பக்கம். அந்தப் புத்தகத்தை மேசையில் வைத்து, அதன்மேல் மூக்குக்கண்ணாடியை வைத்து, பின் எடுத்து மாட்டிக்கொண்டார்.

"டெல்மா எங்க பொறந்தாங்க?"

"நான் பொறந்தது அலபாமா. கைக்குழந்தையா டெட்ராய்ட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாங்க."

"தப்பு. நியூ ஆர்லியன்ஸ். இந்தப் பாட்டுக்குக் காரணமான காதலன் பேரு?"

"காதலனா? பாட்டை எழுதினது ஸ்டுடியோ வெச்சிருந்த மிஸ்டர் பக்னர். கார் உதிரி சாமான் விக்கிறவர். மனுசனுக்குப் பல்லுகூட முழுசா கெடையாது."

"தப்பு. காதலன் பேரு இதுவரைக்கும் தெரியலைங்கிறதுதான் சரியான பதில்." கேனர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "ரெண்டாவது வரியில குரல் நடுங்குதே, ஏன்?"

வெர்டெலின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. "ராஸ்கோதாங்க காரணம். எங்கண்ணன். எனக்கு எதிர்ல நின்னுக்கிட்டு மூக்கைப் பன்னி மாதிரி தூக்கிக் காட்டினான். சிரிப்பை அடக்கிக்கிட்டுப் பாடினேன். அதுல நடுங்கிடுச்சு."

கேனர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த நடுக்கத்துக்குப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இருந்தது. டெல்மா பிறந்தவுடன் இழந்த குழந்தையை நினைத்து அழுத இடம் அது. அதைப் படித்துவிட்டு இரண்டு உறுப்பினர்கள் விவாகரத்தையே கைவிட்டிருந்தார்கள்.

"டெல்மா சிரிக்கமாட்டாங்க. தனியாத்தான் பாடினாங்க. 'தனிமையின் குரல்'னுதான் என் புத்தகத்துக்கே பேரு. அண்ணன் தம்பி யாரும் கெடையாது."

"எனக்கு இருந்தான்" என்றாள் வெர்டெல்.

பாடிக் காட்டச் சொன்னார்கள். எழுந்து நின்று இரண்டு வரி பாடினாள். குரலில் வயது ஏறியிருந்தது, ஆனாலும் மேலே போகவேண்டிய இடத்தில் போனது. நெவிலின் வலது கால் தானாகத் தாளம் போட்டது. கேனர் அந்தக் காலைப் பார்த்தார். கால் நின்றது.

"பரவாயில்லை, டெல்மா மாதிரியே பாடக் கத்திருக்கீங்க. ஆனா அவங்க அந்த எடத்துல மூச்சு விடமாட்டாங்க. நகல் எப்பவும் நகல்தான்" என்றார் கேனர்.

அப்போதுதான் வெர்டெல் மேசைமேல் திறந்திருந்த பட்டுப் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே அந்தத் தட்டு. நடுவில் பழுப்பேறிய தாள் ஒன்றை வட்டமாக வெட்டி ஒட்டி, கையால் 'டெல்மா ஃபான்டேன்' என்று எழுதியிருந்தது.

அது இந்த வட்டாரத்து வழக்கம். ஆட்ட மண்டபத்தில் பாட்டுப் போடுகிறவன் யாருக்கும் கிடைக்காத தட்டு ஒன்றைக் கண்டுபிடித்தால், போட்டிக்காரன் இன்னொன்றைத் தேடிப் போய்விடாதபடி லேபிள்மேல் தாளை ஒட்டி, வாயில் வந்த பெயரை எழுதிவிடுவான். மேலொட்டு என்பார்கள். இதை ஒட்டியவர் நோபி எண்ட்விசில். அடியில் என்ன பெயர் என்று ஒருவரிடமும் சொல்லாமல் செத்துப் போனார். அவர் வாயில் அன்றைக்கு வந்த பெயருக்குத்தான் மன்றம் பளிங்குக்கல் நட்டு, முந்நூறு பக்கம் எழுதியிருந்தது.

"இதுல என்னங்க கஷ்டம்? அந்தத் தாளை உரிச்சுப் பாருங்க. அடியில என் பேரு டைப் அடிச்சிருக்கும். மிஸ்டர் பக்னர் அடிக்கும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றாள் வெர்டெல்.

நெவில் பெட்டியை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். பயந்துபோய்விட்டார் மனிதர்.

"அம்மா, தெரியாம சொல்லிட்டீங்க, போகட்டும். அடுத்தவன் மேலொட்டை உரிக்கிறது எங்களுக்குக் கொலைக்குச் சமம். உரிச்ச பாவத்துக்கு என் சொந்த மச்சானையே தள்ளி வெச்சிருக்கேன், என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடலை. உண்மை வேணும்னா எங்க வேணா கெடைக்கும்மா. நூலகத்துல கெடைக்கும், போலீஸ் ஸ்டேஷன்ல கெடைக்கும். எங்ககிட்ட இருக்கிறது ரகசியம் ஒண்ணுதான். அதையும் உரிச்சிட்டா அப்புறம் நாங்க எதுக்கு?"

"தாளைத்தானேய்யா உரிக்கச் சொன்னாங்க, உன் தோலையா உரிக்கச் சொன்னாங்க?" என்று மாரீன் கத்தினாள். பேட்ஜ் இல்லாதவர் பேசக்கூடாது என்று அவளை வெளியே அனுப்பினார்கள்.

"எனக்குப் பேரு வேண்டாம், பேட்ஜும் வேண்டாம். டெல்மாவே பாடினதா இருக்கட்டும். ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன். எங்கண்ணன் அதுல இருக்கான்" என்றாள் வெர்டெல். அவள் கெஞ்சினாள். கெஞ்சி வளர்ந்தவள் இல்லை, இருந்தும் கெஞ்சினாள்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஆனால் தொலைதூரத்திலிருந்து வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மன்றத்துக்கு மனமில்லை. டெல்மா ஃபான்டேனின் கடல்கடந்த ரசிகை என்று ஒரு சான்றிதழும், ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குக் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியும் தந்தார்கள்.

ஞாயிறு பிற்பகல் தொழிலாளர் கிளப் நிரம்பி வழிந்தது. ஆடுதரையில் டால்கம் பவுடர் தூவியிருந்தார்கள், கால் வழுக்கி ஓட வசதியாக. தொளதொள கால்சட்டைக்காரர்கள் தோள்பையோடு வந்து, செருப்பை மாற்றி, புது முழங்கால் வைத்தவர்கள் ஓரமாகவும் பழைய முழங்கால்காரர்கள் நடுவிலும் நின்றார்கள். இறைச்சி அடைத்த பேஸ்ட்ரியும் பட்டாணியும் தொட யாருமில்லாமல் ஆறிக்கொண்டிருந்தன. வெர்டெலுக்கும் எதுவும் இறங்கவில்லை. இரண்டாம் சரணத்தில்தான் ராஸ்கோ முழுதாகப் பாடுவான். அதுவரை உயிரோடு இருந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

நெவில் மேடை ஏறினார்.

"நண்பர்களே, இந்த நாட்டுல மக்களை இத்தனை வருசம் காக்க வெச்ச அமைப்பு ரயில்வேயை விட்டா நாம மட்டும்தான்!" கைதட்டல். "பாட்டைக் கேட்டுட்டா முடிஞ்சுபோச்சு. ஏக்கம்தான் நம்ம சொத்து. அந்தச் சொத்தை இன்னிக்கு நான் அழிக்கப்போறேன். என் மனசு என்ன பாடுபடுதுன்னு உங்களுக்குத் தெரியாது. நான் கேட்டாச்சு, எனக்கு ஒண்ணுமில்லை. உங்களை நினைச்சாத்தான் கவலையா இருக்கு." சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கையுறை போட்ட இருவர் பட்டுப் பெட்டியைச் சுமந்து வந்து எல்லாருக்கும் காட்டினார்கள். பாட்டு அதிலிருந்து வரவில்லை. ஒலித்துறைப் பொறுப்பாளர் க்ளைவ், கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து வைத்திருந்த பிரதியை ஒலிக்கவிட்டார்.

பத்தொன்பது வயது வெர்டெல் பாடினாள். மண்டபம் ஒரே உடம்பாக ஆடியது. கடைசி வரிசையில் கிழவி வெர்டெல் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். முதல் சரணம் முடிந்தது. அந்த முனகல் வரவில்லை. இரண்டாம் சரணம் வந்தது. அவள் குரல் மட்டும் தனியாகப் போனது. நடுவில் அவன் பாடவேண்டிய இடங்களில் மேளமும் வெற்றிடமும்தான் இருந்தன. தன் காதுதான் போய்விட்டது என்று நினைத்தாள்.

"தங்கம், ஆம்பளைக் குரல் ஒண்ணு கேக்குதா உனக்கு? அடியில?" என்று பக்கத்திலிருந்த மாரீனைக் கேட்டாள்.

மாரீன் உற்றுக் கேட்டாள். "இல்லையே கண்ணு."

பாட்டு முடிந்தது. கூட்டம் கூரை பறக்கக் கத்தியது. வெர்டெல் பவுடர் தரையில் வழுக்காமல் ஒவ்வொரு அடியாக வைத்து, ஆட்களை விலக்கிக்கொண்டு க்ளைவின் மேசைக்குப் போனாள்.

"இதுல ஒரு ஆம்பளை பாடியிருந்தானே, அவன் எங்க?"

க்ளைவின் முகம் பூரித்தது. இதைக் கேட்க ஒருவர் வரமாட்டாரா என்று காத்திருந்தவர்போல இருந்தார். "கவனிச்சீங்களா! எடுத்துட்டேன். டெல்மா தனியாத்தான் பாடினாங்கன்னு புத்தகத்துல இருக்கில்ல? அப்ப அந்த ஆளு கோளாறுதானே? ஆறு வாரம் உக்காந்து எடுத்தேன். மீன்ல முள்ளை எடுக்கிற மாதிரி, ஒடையாம முழுசா!"

"எடுத்து என்ன பண்ணீங்க?"

"தனியா வெச்சிருக்கேன். கழிவு. எவ்வளவு சுத்தமா எடுத்திருக்கேன்னு நாளைக்கு யாராவது கேட்டா காட்டவேணாமா?" ஹெட்போனை எடுத்து அவள் காதில் மாட்டினார்.

ஒரு மூச்சு கேட்டது. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. வெர்டெலின் கை மேசை விளிம்பைத் தேடியது. அதற்குள் நெவில் வந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"பேட்ஜ் இல்லாதவங்களுக்கு எப்படிய்யா போடலாம்?"

"பாட்டு இல்லை தலைவரே, கழிவு."

"எனக்கு அந்தக் கழிவு போதும். பாட்டை நீங்களே வெச்சுக்குங்க" என்றாள் வெர்டெல். குரல் உயராமல் பார்த்துக்கொண்டாள். எவ்வளவு ஆசையாகக் கேட்கிறாள் என்று தெரிந்துவிட்டால் தரமாட்டார்கள் என்பது அவளுக்கு இப்போது புரிந்திருந்தது.

செயற்குழு அங்கேயே வட்டமாகக் கூடியது. மன்றத்தின் கழிவு மன்றத்தின் சொத்தா என்று ஒருவர் கேட்டார். சொத்து என்றால் அதற்கும் பெட்டி வேண்டுமே என்றார் இன்னொருவர். வெர்டெல் தன் கோட்டுப் பொத்தானைத் திருகியபடி நின்றாள். ஒருவர் 'அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கலாம்' என்றார். அவளுக்கோ மறுநாள் காலையில் விமானம். கடைசியில் கேனர்தான் தீர்த்து வைத்தார்.

"என் புத்தகத்துல அந்த ஆளு கெடையாது. இல்லாத ஆளைக் குடுத்தா நமக்கு என்ன நஷ்டம்?"

எல்லாரும் கை தூக்கினார்கள். க்ளைவ் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். வெர்டெல் அதை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

மாரீனின் பழைய கார் கிளப் வாசலிலேயே நின்றது. உள்ளே உட்கார்ந்து பென் டிரைவைச் செருகினார்கள். கண்ணாடி ஆவி பிடித்திருந்ததால் மாரீன் தன் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாள்.

செருமல். பிறகு, எந்த வாத்தியமும் இல்லாமல், பக்கத்து இருக்கையிலிருந்து பேசுவதுபோல, "சரி வெர்டி, நீ ஆரம்பி. நான் பின்னாடியே வர்றேன்" என்றான் ராஸ்கோ.

வெர்டெல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்தக் குரலையா மறந்தேன், இதையா மறந்தேன் என்று அழுதாள். அவன் பாடத் தொடங்கினான். இடைவெளி விட்டு விட்டு, தங்கை பாடும் இடங்களில் மௌனமாகக் காத்திருந்து, மறுபடி அவன் முறை வந்ததும் தாழ்ந்த குரலில் வந்து சேர்ந்துகொண்டான். அந்த வெறும் குரல் ஜன்னல் இடுக்கு வழியாக மழைக்குள் போனது.

வாசலில் புகை பிடித்துக்கொண்டிருந்த வெண்கல பேட்ஜ்காரர் ஒருவர் முதலில் திரும்பினார். பிறகு நாலு பேர். பிறகு கதவு திறந்து, பவுடர் படிந்த கால்களோடு பாதி மண்டபம் வெளியே வந்தது. நெவில் குடையில்லாமல் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"யாரும்மா இது? எந்தக் கம்பெனி? வெளியானதா?"

"வெளியாகலை" என்றாள் வெர்டெல், கண்ணைத் துடைத்தபடி.

"ஐயோ!" என்று கூட்டத்தில் ஒருவர் தலையில் கை வைத்தார்.

"நீங்க குடுத்த கழிவுதான். இப்பத்தானே கை தூக்கினீங்க?"

"அது கேக்கிறதுக்கு முன்னாடிம்மா! ஒத்தக் குரல், வாத்தியமே இல்லை, ஒரே ஒரு பிரதி..." நெவில் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "க்ளைவ்! நம்மகிட்ட இருக்கில்ல?"

"பிரதி எடுத்ததும் அழிச்சிட்டேன் தலைவரே. கழிவை வெளிய குடுத்தா நம்மகிட்ட வெச்சிருக்கக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"அம்மா, நீங்கதான் டெல்மா! இப்பவே தீர்மானம் போடறோம். தங்க பேட்ஜ்!"

"நான் வெர்டெல்."

"வெர்டெல்னே வெச்சுக்கலாம்! கேனர், அதை உரி!"

கேனர் டாட்டர்சால் ஒரு கணம் தயங்கினார். பிறகு கையோடு தூக்கி வந்திருந்த பட்டுப் பெட்டியைக் கொட்டுகிற மழையில் திறந்து, நகத்தால் தாளின் ஓரத்தைக் கிள்ளினார். அது நனைந்து தானாகவே கழன்று வந்தது. அடியில் நீல மையில் 'வெர்டெல், ராஸ்கோ ஹாக்கின்ஸ்' என்று டைப் அடித்திருந்தது. நெவில் தட்டைக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினார். "பாருங்கம்மா, உங்க பேரு! ரெண்டு பேர் பேரும்! இப்பக் குடுங்க. வருசத்துக்குப் பத்து நொடியா, அருமையாப் பாத்துக்கறோம்!"

வெர்டெல் அந்தப் பெயர்களைப் பார்த்தாள். சிறிது நேரம் பார்த்தாள்.

"கேக்காத பாட்டுதானே உங்களுக்கு உசுரு? அப்ப இதைக் கேக்காமலே இருங்க" என்று சொல்லி, மாரீனைத் தாண்டிக் கையை நீட்டி ஜன்னலை ஏற்றினாள்.

வெளியே வாய்கள் அசைந்தன. மாரீன் சாவியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளும் ரசிகைதானே, அவளுக்கும் மீதியைக் கேட்க ஆசைதான்.

"கண்ணு, இது உங்க குடும்ப விசயம். நான் வேணா எறங்கிக்கட்டுமா?"

"நீ எறங்கினா வண்டிய யாரு ஓட்டுறது? உக்காரு. கூடவே மொணமொணன்னு பாடாம இரு, அது போதும்."

வண்டி தெருமுனை திரும்பியது. வெர்டெல் முதலிலிருந்து போட்டாள்.